கன்னிகா எறிந்த தூரம்

குழுப் படம் எடுக்கும்போது கன்னிகா எப்போதும் பின்வரிசைக்குப் போய்விடுவாள். உயரம் காரணமில்லை. என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். முன்னால் நிற்பவளின் தலை தன் தோளை மறைக்கும்படி இடம் பார்த்து, ஒரு காலை மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்து நிற்பாள். ஏழாம் வகுப்புப் படத்தில் அப்படித்தான் நிற்கிறாள். பத்தாம் வகுப்புப் படத்தில் அவள் முகமும் என் தலையில் வைத்த கனகாம்பரமும்தான் தெரிகின்றன. பேருந்தில் ஏறினால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் விரித்துப் போட்டுக்கொள்வாள், சித்திரை வெயிலிலும். குண்டு எறியும் வட்டத்துக்குள் கால் வைக்கும்போது மட்டும் அந்தத் துப்பட்டா என் கைக்கு வரும். பல வருடங்கள் அதை வாங்கி வைத்திருக்கிறேன். ஏன் மறைக்கிறாய் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அவள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். முன்பெல்லாம் இரண்டு குடும்பத்துக்கும் சொந்த நிலம் கிடையாது. இப்போது அவள் நைனா கமலக்கண்ணனுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது, தண்ணீர் இருந்தால் வேர்க்கடலை போடுவார். மாங்காய்க் காலம் வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் புத்தூர் மண்டிக்குச் சுமை தூக்கப் போவார்கள். பள்ளி விடுமுறையில் கன்னிகாவும் போவாள். பன்னிரண்டு வயதில் ஒரு கிரேட்டு மாங்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாள். மண்டிக்காரர்கள் அவளுக்குப் பாதிக் கூலிதான் கொடுப்பார்கள், சின்னப் பெண் என்று.

எட்டாம் வகுப்பில் மண்டல அளவுப் போட்டிக்குக் குண்டு எறிய ஒரு பெண் தேவைப்பட்டாள். பி.இ.டி. சார் வரிசையாக எல்லாரையும் எறியச் சொன்னார். எனக்கு அது காலடியிலேயே விழுந்தது. பையன்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னிகா எறிந்ததும் எழுந்து ஓடினார்கள். குண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து மண்ணில் பதிந்து நின்றது. சார் அளந்து பார்த்துவிட்டு, நாளை காலையில் ஆறு மணிக்கு வா என்று மட்டும் சொன்னார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அவள் ஆறு மணிக்குப் போவதை நிறுத்தவில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேன் அவளுக்காக கேட்டைத் திறந்துவிடுவார்.

இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்ததும் அவள் மண்டிக்கு முழுநேரமாகப் போய்விட்டாள். நான் திருப்பதிக்கு டிகிரி படிக்க வந்தேன். எங்கள் காலனியில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அதை என் நைனா வேங்கடாசலம் கேட்காதவரிடமும் சொல்வார். என்னைவிடக் கன்னிகா நன்றாகப் படித்தவள் என்பதை நாங்கள் யாருமே சொல்வதில்லை.

கடைசி வருடத்தில் நான் எழுதிய ப்ராஜெக்ட், விளையாட்டு வீராங்கனைகளைச் சமூக ஊடகம் எப்படிக் காட்டுகிறது என்பது. அறுபது பதிவுகளை எடுத்து எண்ணினேன். நாற்பத்தொன்றில் முகம், உடை, கல்யாணம் இவைதான் பேச்சு. ஒன்பதில் மட்டும்தான் அவள் எவ்வளவு ஓடினாள், எவ்வளவு தூக்கினாள் என்று இருந்தது. ஆண் பளுதூக்கும்போது பல்லைக் கடித்தால் அவனை வீரன் என்கிறார்கள், பெண் பல்லைக் கடித்தால் அதே முகத்தை நிறுத்தி வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று எழுதினேன். எங்கள் மேடம் ஸ்வர்ணலதா அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் சமூக ஊடகத்தில் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினேன். தெலுங்கில் பெயர் வைத்தேன்: ‘மன அம்மாயி, மன க்ரவுண்டு’. நம்ம பொண்ணு, நம்ம கிரவுண்டு. வெதுருகுப்பத்துக் கபடிப் பெண்கள், கங்காதர நெல்லூர் கோகோ அணி என்று ஊர் ஊராகப் போய் எடுத்துப் போட்டேன். நூறு பேர் பார்ப்பார்கள், சில நாள் நூற்றைம்பது.

படிப்பு முடிந்து திருப்பதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். கல்யாண மண்டபங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் ரீல் செய்து கொடுக்கிற இடம். முதலாளி ஹரிபாபு நல்ல மனிதர்தான். என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஓடுகிற பெண்ணை ஓடவிட்டு எடுத்தால் யார் பார்ப்பார்கள், எதையாவது கலந்து கொடு என்றார். போன வருடம் மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா, வந்தது. அந்த வாரம் ஜாத்திரை என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டால் எதுவானாலும் ஓடும் என்று அவர்தான் சொன்னார்.

கன்னிகா நினைவுக்கு வந்தாள். அந்த ஜூன் மாதம் சித்தூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. இருபத்துமூன்று வயதுக்குள்ளோருக்கானது, அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம், மண்டியை விடலாம். நாலு பேருக்கு அவள் முகம் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். என் பக்கமும் ஓடும் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்பது இப்போது நினைவில்லை. நினைவில்லை என்று எழுதுவது வசதியாக இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

அவள் அம்மாவின் பட்டுச் சேலை, முகம் நிறைய மஞ்சள், நெற்றியில் ரூபாய் அளவுக்குக் குங்குமம், தலையில் மல்லிகை. அம்மன் குண்டு எறிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்றேன்.

“சேலை கட்டிக்கினு யாருடி குண்டு போடுவாங்க? கொசுவம் காலை வாரிடும்.”

“ஒரே ஒரு தடவடி. அம்மன் மாதிரி இருப்ப.”

“அம்மனுக்கு எதுக்குடி குண்டு? அதுகிட்டதான் சூலம் கீதே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள், நான் கட்டிவிட்ட சேலையை வரிந்து செருகிக்கொண்டாள். மண்டிக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில், கிரேட்டு அடுக்குகளுக்கு நடுவே எறிந்தாள். டேப் வைத்து அளந்தோம். பதினொரு மீட்டர் எண்பத்துமூன்று. சேலையோடு அவ்வளவு போனதில் அவளுக்கே ஆச்சரியம். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, இதையும் எடு, இதையும் எடு என்றாள். எடுத்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து வெட்டும்போது அந்த அளக்கிற பகுதி இழுவையாக இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் பெயரைக் குறிப்பின் கடைசியில் எழுதினேன், விரித்துப் படித்தால்தான் தெரிகிற இடத்தில்.

கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் பெண் வேஷம் போடுவார்கள். சேலை கட்டி, நகை போட்டு, மஞ்சள் பூசி, பூ வைத்துத் தெருவெல்லாம் வருவார்கள். அது நேர்த்திக்கடன். சின்ன வயதில் நைனா தோளில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அந்த வாரத்தில் திருப்பதியில் சேலையும் பூவுமாக, அகலத் தோளோடு ஒருவரைக் கண்டால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வெட்டி ஒட்டும்போது ஒரு நொடிகூட அது மனதில் வரவில்லை என்பதும் உண்மை. எனக்கு அவள் கன்னிகா.

போட்ட அரை மணி நேரத்தில் முதல் ஆள் எழுதினான்: “வேஷம் அதிரிந்தி தம்முடு.” வேஷம் பிரமாதம், தம்பி. அடுத்தவன் எந்த ஊர்ப் பையன் என்று கேட்டான். இன்னொருவன், பையன்தான், கையைப் பாருங்கள் என்றான். இன்னொருவன் இல்லை, பெண்தான் என்று சண்டைக்கு வந்தான். நான் சிரித்துவிட்டு ஹரிபாபு சாரிடம் காட்டினேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. இது ஒரு பெண், பெயர் கன்னிகா என்று மேலே ஒரு வரி போட்டுவிடட்டுமா என்றேன். “கதிலிஞ்சொத்தம்மா,” என்றார். அசைக்காதே. சண்டை நடக்கிறவரைதான் கூட்டம் இருக்கும் என்றார்.

அவர் சொன்னபடி சும்மா இருந்ததோடு நான் நிற்கவில்லை. அதற்கு மேலேயே போனேன். ஒருவன், “அப்பாயா, அம்மாயா?” என்று கேட்டிருந்தான். பையனா, பெண்ணா. அதன் கீழே நான், “மீரே செப்பண்டி,” என்று எழுதினேன். நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வைத்தேன். அதற்கு மட்டும் நாலாயிரம் பேர் பதில் எழுதினார்கள். இரண்டே நாளில் எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு சேலைக் கடைக்காரர் விளம்பரம் கேட்டு போன் செய்தார்.

மூன்றாம் நாள் கன்னிகா போன் செய்தாள். மண்டியில் லாரிக்காரன் வரை தம்முடு, தம்முடு என்று கூப்பிடுகிறார்கள், ஒருவன் மீசை எங்கே என்று கேட்டான் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, என்ன நடந்தது என்று புரியாதவள் போலச் சொன்னாள். நான் எட்டு லட்சம் என்றேன்.

“அதுல எத்தினி பேருக்குடி நான் எவ்ளோ தூரம் போட்டேன்னு தெரியும்?” என்றாள்.

அந்தப் பகுதி நீளமாக இருந்தது என்று ஏதோ சொன்னேன். அன்று மாலையே திருத்தம் என்று ஒரு பதிவு போட்டேன். அதை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பழைய ரீலை எடுக்கவில்லை. சேலைக் கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

ஜூன் இரண்டாம் வாரம் சித்தூரில் தேர்வு. காலையில் மைதானத்துக்குப் போனால் கன்னிகா மீது எழுத்தில் ஆட்சேபம் வந்திருந்தது. யாரோ ஒரு வீராங்கனையின் பெற்றோர் கொடுத்திருந்தார்கள். அந்த ரீலின் படம், கீழே ஆளாளுக்கு எழுதியது, என் சிரிப்பு முகம், எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களே பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள், ஆகவே இவர் பெண்தானா என்று சந்தேகம் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

தேர்வை நடத்தியவர் நாகபூஷணம் என்கிற பெரியவர். ஷாமியானாவுக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னிகாவின் ஆதார், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். எழுத்தில் வந்ததற்கு எழுத்தில் பதில் வேண்டும், இல்லையென்றால் மேலே அனுப்ப முடியாது என்றார். அப்போது கன்னிகா என்னைக் காட்டினாள். இவள்தான் சார் எடுத்தது, இவளே எனக்குச் சேலை கட்டிவிட்டாள், இவள் எழுதித் தருவாள் என்றாள். எனக்காக அவள் இடம் விட்டு நகர்ந்து நின்றது நினைவிருக்கிறது.

நாகபூஷணம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். “இந்த நவ்வு நீ போட்டதா பாப்பா?” என்று அச்செடுத்த தாளில் அந்தச் சிரிப்பு முகத்தைத் தொட்டுக் காட்டினார். நவ்வு என்றால் சிரிப்பு.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ்காரர் மேஜையில் தாள் நீட்டினால் கை பின்னால் போய்விடும். கைநாட்டு வைத்து ஏமாந்த தலைமுறை அது. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் எங்கள் நைனாக்கள் எல்லாரும் பிழைத்தார்கள். நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று என் நைனா சொன்ன ஒரே புத்தி அது: எவன் குடுத்தாலும் கையெழுத்துப் போடாத. என் கை நிஜமாகவே பின்னால் போனது. ஆனால் நான் டிகிரி படித்தவள். அந்தத் தாளில் என்ன எழுதப் போகிறேன் என்பதும், எழுதினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஹரிபாபு சார் என்ன சொல்வார், சேலைக் கடை என்ன ஆகும், இந்தச் சிரிப்பை நான் போட்டேன் என்று என் பெயரோடு ஒரு காகிதம் இருந்தால் நாளைக்கு என்ன என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் யோசித்தேன். நைனாவின் பயம் என்று அதைச் சொல்வது அவர் மேல் பழி போடுவதாகும்.

“பக்கத்த ரெண்டு பேர் பாக்கறோம் சார். யார் போட்டதுன்னு கேட்டுட்டு சொல்றேன்,” என்றேன்.

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கன்னிகா என்னைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை, அரசு ஆஸ்பத்திரியில் பெண் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு பத்து நாளுக்குள் வா, இப்போதைக்கு எறி என்று அவர் சொன்னார். எறிந்தாள். பன்னிரண்டு மீட்டர் பதினெட்டு. முதல் இடம். இரண்டாவதாக வந்த பிரியங்காவைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். அன்று துப்பட்டாவை என்னிடம் தரவில்லை, புல்லில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மாவோடு இரண்டு நாள் போனாள். அவள் அம்மா கோவிந்தம்மாள் அத்தை எனக்குப் பிறகு சொன்னார். வரிசையில் நின்றால் எதற்காக வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், எல்லாரையும் கேட்பதுபோலத்தான். அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அத்தை சொல்லியிருக்கிறார். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பெண் டாக்டர் அன்பாகவே பேசி, இதற்கு இப்படி வெறுமனே எழுதித் தர முடியாது, போட்டி நடத்துகிற சங்கத்தில் முறையாகக் கடிதம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினாராம். கடிதத்துக்காக ஒருமுறை சித்தூர், மறுபடி ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் வரிசை பாதி நகர்ந்தபோது கன்னிகா, வாம்மா போலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

“இவளப் பெத்தது நானு. அந்த ஆளு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஆஸ்பத்திரியில போயி கேக்கணுமா?” என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, நீயெல்லாம் படிச்சு இன்னாடி கிழிச்ச என்றார். இன்னும் நிறையச் சொன்னார். எல்லாம் சரி.

பதினோராம் நாள் நான் எழுதினேன். வீடியோ எடுத்தது நான், சேலை கட்டிவிட்டது நான், சிரிப்பு முகம் போட்டது நான், அவள் என்னோடு ஏழாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்று இரண்டு பக்கம். கையெழுத்துப் போட்டு, ரீலையும் எடுத்துவிட்டு, சித்தூருக்குப் பேருந்து ஏறினேன். நாகபூஷணம் வீட்டு வாசலில் நின்றே படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பட்டியல் நேற்று சாயங்காலமே அனுப்பியாகிவிட்டது, பிரியங்கா போகிறாள் என்றார்.

பிறகு சொன்னார்: “இதைத்தானம்மா நான் அன்னைக்கு கேட்டது. இது இருந்திருந்தா ஆஸ்பத்திரி பேச்சே இல்ல. ஆட்சேபத்து மேல பின் குத்தி அனுப்பியிருப்பேன்.”

திரும்பி வரும்போது பேருந்தில் என் ப்ராஜெக்ட்டைப் போனில் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்று, ஒன்பது என்று நான் எண்ணிய பட்டியல் அதில் இருந்தது. என் ரீலை எந்தப் பக்கத்தில் சேர்ப்பேன் என்று யோசிக்கத் தேவையில்லை. ஹரிபாபுவிடம் வேலையை விட்டேன், அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அடுத்த மாதமே வேறு இடம் கிடைத்தது. ரீலை நான் எடுத்தாலும் மற்ற பக்கங்கள் எடுத்து வைத்துக்கொண்டன. இந்த வருட ஜாத்திரைக்கும் அது வந்தது, யாரோ பாட்டு மாற்றியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றின் கீழேயும், இது கன்னிகா, பெண், மாவட்டத்தில் முதல், பன்னிரண்டு மீட்டர் பதினெட்டு என்று எழுதினேன். சிலர் அதற்கும் சிரிப்பு முகம் வைத்தார்கள்.

கன்னிகா இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். பெண்கள் விடுதியில் எட்டுப் பேரோடு ஒரு அறை. குண்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார். பொங்கலுக்கு வந்திருந்தபோது எதிர் வீட்டுக்குப் போனேன். தாள் நீட்டியது, நான் யோசித்தது, சேலைக் கடை, நாகபூஷணம் கடைசியில் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று முதல் நாளே எழுதிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி வுடு,” என்றாள். “கரும்பு வெட்டி வெச்சிக்கீது, துன்றியா?”

தின்றேன். விடுதிச் சாப்பாடு பற்றிச் சொன்னாள். சூப்பர்வைசரைப் போலப் பேசிக் காட்டினாள். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். புறப்படும்போது வாசல்வரை வந்தாள், திருப்பதியில் எந்தக் கடையில் நல்ல செருப்புக் கிடைக்கும் என்று கேட்டாள். போன வாரம்கூட போனில் பேசினோம். மாதம் ஒருமுறை பேசுகிறோம். அவள் அம்மா என்னைத் தெருவில் நிறுத்தித் திட்டினார், என் நைனா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கன்னிகா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எனக்குத் தர வேண்டிய திட்டு அப்படியே பாக்கி நிற்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை.